வாடகை வரவில்லை என்று சொல்லப்படும்போது
கொடுத்த வாடகை வந்து சேரவில்லை என்று உரிமையாளர் கூறும் தகராறுகளில், பணம் செலுத்தியதை மெய்ப்பிக்கும் பொறுப்பு பெரும்பாலும் குடியிருப்பவர் மீதே விழுகிறது. ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ரசீது வாங்காமல் விட்டவர்களின் நிலை எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. வங்கி வழியே அனுப்பியிருந்தால், கைப்பேசித் திரையின் படத்தை மட்டும் நம்பாமல், பரிவர்த்தனை எண்ணும் பெறுநரின் கணக்கு விவரமும் உள்ள வங்கி அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். பல நேரங்களில் பணம் தொலைந்திருக்காது. பழைய நிலுவைக்கோ தாமதக் கட்டணத்துக்கோ அது வரவு வைக்கப்பட்டு, நடப்பு மாதம் மட்டும் பாக்கியாகக் காட்டப்பட்டிருக்கும். ஆகவே, மாதவாரியான முழுக் கணக்கையும் உரிமையாளரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். தகராறு தீரும் வரை அடுத்த மாத வாடகையை நிறுத்தி வைக்காதீர்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்வதற்கு அதுவே உரிமையாளருக்குக் காரணமாகிவிடக்கூடும்.