வேன் கூலிக்காக ஒரு நடை

2025 பெப்ரவரி 23, ஞாயிறு

சிறுநீரக நோயாளிகள் ஆஸ்பத்திரிக்குப் போகிற வேன் கூலிக்காக நடந்து காசு சேர்க்கப்போகிறோம். ஸ்பொன்சர் தாள் கைக்கு வந்துவிட்டது. பெயர், கிலோமீட்டருக்கு எவ்வளவு, மொத்தம், கையெழுத்து என்று நாலு கட்டம். அப்புத்தளையில் தொடங்கி பண்டாரவளை, எல்ல, தெமோதரை, ஹாலிஎல, பதுளை. தோட்டப் பாதைகளில் சுற்றிப் போவதால் 60 கிலோமீட்டர் வரும் என்று பொடியன்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். மார்ச் 13 போயா (பௌர்ணமி லீவு) அன்று காலை புறப்பாடு. 16 ஞாயிறு முடிவு.

13 வியாழன். அப்படியென்றால் 14 வெள்ளி.

வெள்ளிக்கிழமை அம்மாவை ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப் போவது?

பெப்ரவரி 25, செவ்வாய்

அதிகாலை மூன்றரைக்கு வேன். ஆறு மணிக்கு முன்னால் பதுளை ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அம்மாவுக்கு நாலு மணி நேரம் மெஷின், சிறுநீரகத்துக்குப் பதிலாக இரத்தத்தைச் சுத்தம் செய்கிற மெஷின். தோட்டத்து லயத்துக்கு, எங்கள் வரிசை வீட்டுக்கு, திரும்பும்போது பின்னேரம் மூன்று. அம்மா வழியெல்லாம் என் தோளில் சாய்ந்து தூங்கினார்.

வேன் கூலி 10,000. மூன்று வீடுகள் பிரித்துக்கொள்கிறோம். ஆளுக்கு மூவாயிரத்துச் சொச்சம், கிழமைக்கு இரண்டு தரம். கொழுந்துக்குப் போகிறவர்களின் ஒரு நாள் பேர், அதாவது சம்பளம், 1,350 ரூபாய். எங்கள் வீட்டில் நான் டீச்சர், எப்படியோ ஓடுகிறது. மற்ற இரண்டு வீடுகளும் எப்படி ஓட்டுகின்றன என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் ஒரு சதம் வாங்குவதில்லை. மெஷின், ஊசி, மருந்து எல்லாம் இலவசம். நம் ஆட்கள் காசில்லாமல் சாகிறார்கள் என்றால் அது வைத்தியத்துக்கு இல்லாத காசு அல்ல, ரோட்டுக்கு இல்லாத காசு. இதைத்தான் தாள் நீட்டுகிற ஒவ்வொருவரிடமும் சொல்லப்போகிறேன். 1990 நம்பருக்கு அடித்தால் வருகிற இலவச அம்புலன்ஸ் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, கூப்பிட்டால் வருகிறது, புண்ணியவான்கள். ஆனால் அது அவசரத்துக்கு. செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் வருகிற நோயை அவசரம் என்று எப்படிச் சொல்வது?

பெப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. கோயிலுக்குப் போகவில்லை. கை ஓடுது: மெஷினுக்காக ஒப்பரேஷன் செய்த அம்மாவின் கையில் இரத்தம் ஓடுகிறது.

மார்ச் 1, சனி

தாளோடு லயம் லயமாகப் போனேன். தொங்கல் காம்பராவில், லயத்தின் கடைசி அறையில், இருக்கிற அக்கா கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் எழுதச் சொன்னார். 120. கையெழுத்துக் கட்டத்தில் பெயரை மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். எழுதி முடித்துவிட்டு "அஞ்சாக்கிரு டீச்சர்" என்றார். அடித்துவிட்டு ஐந்தாக்கினேன். டவுனில் பலசரக்குக் கடை முதலாளி கிலோமீட்டருக்கு 50. கொழும்பில் இருக்கிற மாமா "பார்ப்பம்" என்றிருக்கிறார்.

கீழ் டிவிசன் பெரியவர் வீட்டுக்கும் போனேன், காசு கேட்க இல்லை. அவர் தை மாதம் மெஷினுக்குப் போவதை நிறுத்தினார். "போதும்மா, புள்ளைங்க கடன் வாங்குதுங்க" என்றாராம். பத்து நாள்கூட இருக்கவில்லை. மருமகள் உள்ளே போய் ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்துவந்து என் கையில் வைத்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மார்ச் 5, புதன்

அம்மா ஒரு நாளைக்குக் குடிக்கலாம் என்பது அரை லீட்டர். சோறு, கறியில் போகிற தண்ணீர் வேறு. அம்மாவுக்கென்று ஒரு சின்ன எவர்சில்வர் தம்ளர் வைத்திருக்கிறோம், 100 மில்லி பிடிக்கும். விடியக் காலை ஒன்று பிளேன்டீ. மிச்சத்தை நாள் முழுக்கப் பிரித்துக்கொள்ள வேண்டும். இன்றைக்குப் பத்து மணிக்கே நாலு தம்ளர் முடிந்துவிட்டது. "தொண்டை காயுது" என்றார். ஒரு ஐஸ் துண்டு கொடுத்தேன்.

நாற்பது வருசத்துக்கு மேல் தேயிலை எடுத்த கை. வயிறு நிறைய ஒரு கோப்பை தேத்தண்ணி குடிக்க முடியவில்லை. இதை எழுதினால் கோபம்தான் வருகிறது, யார் மேல் என்று தெரியாத கோபம்.

மார்ச் 8, சனி

தங்கச்சி வருகிறாள்! நுவரெலியாவில் மரக்கறித் தோட்டத்து வேலைக்கு நாலு நாள் லீவு சொல்லிவிட்டாளாம். வெள்ளிக்கிழமை அவள் போவாள். இன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

கையைப் பார்க்க அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இடது மணிக்கட்டுக்கு மேலே, ஒப்பரேஷன் செய்த தழும்பில் இரண்டு விரலை லேசாக வைக்க வேண்டும், அழுத்தக்கூடாது. தீப்பெட்டிக்குள் பொன்வண்டை அடைத்த மாதிரி உள்ளே அதிரும். அதிர்ந்தால் இரத்தம் ஓடுகிறது. காலையிலும் இரவிலும் பார்க்க வேண்டும். அந்தக் கையில் பிரஷர் பார்க்க விடக்கூடாது, பை தூக்கக்கூடாது, வளையல் இறுக்கமாகப் போடக்கூடாது, அந்தப் பக்கம் சரிந்து படுக்கக்கூடாது. போன மாதம் அந்தக் கையாலேயே விறகுக் கட்டைத் தூக்கப் பார்த்தார்.

மார்ச் 12, புதன்

பள்ளிக்கூடத்தில் ஓ.எல். பிள்ளைகள் யாரும் இல்லை, 17ஆம் திகதி சோதனை. ஆசிரியர் அறையில் நல்ல சேதி: எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். சமூகக்கல்வி சேர் 2023இல் மலையகம் 200க்காக, நம் ஆட்கள் இங்கே வந்து 200 வருசம் ஆனதற்காக, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர். நம் ஆட்கள் கப்பலால் இறங்கி நடந்து வந்த அதே வழி. "முதல் நாள் இல்லை டீச்சர், ரெண்டாம் நாள்தான் கால் பேசும். சப்பாத்துக்குள்ள ரெண்டு சோடி மேசோடு போடுங்க" என்றார். 2011இல் நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்து காசு சேர்த்துத்தான் தெல்லிப்பளையில் புற்றுநோய் ஆஸ்பத்திரி எழும்பியது என்பதையும் அவர்தான் ஞாபகப்படுத்தினார். நாங்கள் ஆஸ்பத்திரி கட்டப்போவதில்லை. ஒரு வருசத்து வேன் கூலி. அதுவே எனக்கு மலை மாதிரி தெரிகிறது.

அம்மா: "இதெல்லாம் ஒரு நடையா? போய்ட்டு வா."

கை ஓடுது.

மார்ச் 13, வியாழன், போயா

பண்டாரவளை. கோயில் மண்டபம். கால் வீங்கியிருக்கிறது, மனசு நன்றாக இருக்கிறது.

காலையில் அப்புத்தளையில் காற்று ஆளைத் தள்ளியது. தெற்கே பார்த்தால் மலை அப்படியே முடிந்து கீழே சமவெளி தொடங்குகிறது, பனி இல்லாத நாளில் கண்ணுக்கு எட்டிய மட்டும் தெரியும். கிழக்குப் பக்கம் கொஸ்லந்தை. பதாகை பிடித்திருந்த பொடியன் அந்தப் பக்கம் கையைக் காட்டி "மீரியபெத்த அங்கிட்டுத்தான்" என்றான். 2014 ஒக்டோபர் 29. மண் சரிந்து லயம் லயமாக மூடிய காலை. அவனுக்கு அப்போது பத்து வயது இருக்கலாம். யாரும் சொல்லாமலே எல்லோரும் நின்றுவிட்டோம், பிறகு நடந்தோம்.

வழியில் ஒவ்வொரு லயத்து வாசலிலும் தண்ணீர் வைத்திருந்தார்கள். ஓர் இடத்தில் செவ்விளநீர் வெட்டி நீட்டினார்கள். அம்மாவுக்கு அது விஷம், பொட்டாசியம். என் கை தானாகவே பின்னால் போனது. பிறகு வாங்கிக் குடித்தேன், தாகம்.

இரவு கோல். கை ஓடுதாம்.

மார்ச் 14, வெள்ளி

எல்லயில் எழுதுகிறேன். இன்றைக்கு நிறைய எழுத வேண்டும், தூக்கம் வராது.

மூன்றரைக்கே விழித்துவிட்டேன், வேன் புறப்படுகிற நேரம். தங்கச்சியின் கோல் ஆறேகாலுக்கு: சேர்ந்துவிட்டோம். அதற்குப் பிறகு மலைக்குள் போய்விட்டோம், சிக்னல் இல்லை. பன்னிரண்டு மணி வரை ஒரு சேதியும் இல்லை.

பத்து மணி இருக்கும், ஒரு கொழுந்து மலைக்குக் கீழே போகும்போது மேலே நிரை பிடித்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களைப் பார்த்து நின்றார்கள். எங்கள் பதாகையைச் சத்தமாகப் படித்தார்கள். இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்குச் சாக்கு, தலையில் கொழுந்துப் பை. ஒருத்தர், என் வயது இருக்கும், கேட்டார்:

"எதுக்கு நடக்கிறீங்க?"

சொன்னேன். நோயாளிக்கு வேன் கூலி, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஆட்கள் காசு தருவார்கள் என்று.

"நடந்தா காசா? நாங்க தெனமும் நடக்கிறோமே. காலையில பேர் குடுக்கப் பெரட்டுக்கு நடக்கிறோம், மலைக்கு நடக்கிறோம், கொழுந்து நிறுக்க நடக்கிறோம், புள்ளய எடுக்க நடக்கிறோம். கிலோ குறைஞ்சா அரைப்பேர்தான் போடுறாங்க. நடந்ததுக்கு யாரும் ஒண்ணும் போடலயே."

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். என்னோடு வந்த பொடியன்கள் தரையைப் பார்த்தார்கள். நான் நின்றேன். இந்தப் பாதையை வெட்டியவர்கள் இவருடைய பாட்டன், பூட்டன். என்னுடைய பாட்டனும்தான். வெள்ளைக்காரர்கள் இப்போது பெக்கோ டிரெயில் என்று இதே மாதிரிப் பாதைகளில் கண்டி ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை 300 கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறார்கள். நடக்கட்டும், நல்லது, லயத்துப் பிள்ளைகளில் சிலருக்கு வழிகாட்டி வேலை கிடைத்திருக்கிறது. ஆனால் இந்தப் பாதைகளின் தூரம் யாருடைய காலில் ஏறியிருக்கிறது என்று எந்தப் பலகையிலும் நான் பார்க்கவில்லை. அதை எழுதித்தான் ஆக வேண்டும். ஒரு பெண் ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஏறி இறங்குகிறாள் என்று தோட்டத்துச் செக்ரோலில், பேர் பதிகிற புத்தகத்தில், ஒரு கட்டம் கிடையாது. கிலோவுக்குத்தான் கட்டம்.

"ஒங்க நடைக்கும் சேர்த்துத்தான் அக்கா" என்றேன். நல்ல பதில் இல்லை, ஆனால் அப்போது மனசில் அதுதான் இருந்தது.

கங்காணி மேலிருந்து சத்தம் போட்டார். அந்த அக்கா படங்கு முடிச்சை அவிழ்த்து, சுருட்டி வைத்திருந்த இருபது ரூபாயை எடுத்து, தேயிலைச் செடிக்கு மேலால் எட்டி என்னிடம் கொடுத்தார். விரல் நுனியெல்லாம் கறுப்பு, கொழுந்துக் கறை, நகத்துக்குப் பக்கத்தில் வெடிப்பு. அம்மாவின் விரல் அதே மாதிரி. வேலையை விட்டு இத்தனை வருசமாகியும் அம்மாவுக்கு அந்தக் கறை முழுதாகப் போகவில்லை.

தாளில் பெயர் எழுதக் கேட்பதற்குள் நிரைக்குத் திரும்பிவிட்டார். "மலையில் ஒரு அக்கா, 20" என்று எழுதினேன்.

பன்னிரண்டரைக்குச் சிக்னல். மெஷின் முடிந்தது. ஆனால் இறங்கும்போது பிரஷர் குறைந்து தலை சுற்றியதாம், அரை மணி நேரம் படுக்கவைத்தே அனுப்பினார்களாம். திரும்பி வரும் வேனில் தூங்குகிறாராம். கை? "ஓடுது அக்கா, நீங்க நடங்க."

எல்லயில் தெருவெல்லாம் வெளிநாட்டு ஆட்கள். ஓர் இளம் சோடி பதாகையைப் பார்த்து விசாரித்தார்கள். என் இங்கிலீஷில் விளக்கினேன். அந்தப் பெண்ணின் அப்பாவுக்கும் இதே நோயாம். அவர் வீட்டு வாசலுக்கே வண்டி வருமாம். 5,000 கொடுத்தார்கள்.

மார்ச் 15, சனி

பகல், தெமோதரை. ஒன்பது வளைவுப் பாலத்தில் சனம் தாங்கவில்லை. இரும்பில்லாமல் கல்லாலும் சீமெந்தாலும் கட்டியது, 1921. அதற்கு மேலால் கோச்சி போகும்போது எல்லோரும் கை காட்டினார்கள். நாங்களும். பிறகு தெமோதரை ஸ்டேசன், பாதை சுற்றி வளைந்து வந்து ஸ்டேசனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைகிறது. கூட வந்த பிள்ளைகளுக்கு அதைப் பார்த்ததில் கால் வலியே மறந்துவிட்டது.

இரவு தங்குவது இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில். நாளைக்குக் கடைசி 14 கிலோமீட்டர்.

இரவு 9.50

தங்கச்சி: "அக்கா, கை ஓடுற மாதிரி தெரியல."

மறுபடி வைக்கச் சொன்னேன். லேசாக. அழுத்தாமல். காதை வைத்துக் கேட்கச் சொன்னேன். அவள் அழுகிறாள். அம்மா பின்னால் "ஒண்ணுமில்ல, அவள நடக்க விடு" என்று சொல்வது கேட்கிறது.

10.40

வேன்கார அண்ணன் ஒரே கோலில் புறப்பட்டுவிட்டார். பதுளைக்கு இந்த ரோட்டால்தான் வர வேண்டும். சந்தியில் நிற்கிறேன். இரண்டு பொடியன்கள் துணைக்கு நிற்கிறார்கள், டோர்ச் அடித்து. கை அடைத்தால் நேரம் முக்கியம் என்று முதல் நாளே டொக்டர் சொன்னார்.

மார்ச் 16, ஞாயிறு

அடைத்துவிட்டது. கழுத்தில் குழாய் போட்டிருக்கிறார்கள். புதுக் கை பிறகு பார்க்கலாம் என்றார்கள். அம்மா பேசுகிறார். சுடுதண்ணி கேட்டார், ஒரு தம்ளர் கொடுத்தேன்.

பதினொன்றரைக்கு கேட்டுக்கு வெளியே சத்தம். பதாகையோடு வந்து சேர்ந்துவிட்டார்கள், எல்லோரும். நான் சவர்க்காரமும் துவாயும் வாங்க இறங்கியிருந்தேன். என் தாளை நீட்டினார்கள், முடித்ததாகக் கையெழுத்துப் போட. நான் 60ஐ அடித்துவிட்டு 46 என்று எழுதினேன். நடந்ததற்குத்தான் கேட்க முடியும்.

மார்ச் 18, செவ்வாய்

குழாய் வழியாக முதல் மெஷின். பிரஷர் பரவாயில்லை. பக்கத்துக் கட்டில் ஆள் வெலிமடையிலிருந்து பஸ் மாறி வருகிறாராம், மகன் கூட.

தொங்கல் காம்பரா அக்கா கோல் எடுத்தார். 46க்கு 230 ரூபாய் என்றேன். சண்டை பிடித்தார். "மிச்சத்த வேன்ல போனீங்களா இல்லையா? அந்த வேனுக்குத்தானே காசு கேட்டீங்க? 300 தருவேன், வாங்கிக்கிருங்க."

வேன்கார அண்ணன் சனிக்கிழமை கூலி வாங்க மாட்டேன் என்கிறார். அதுவும் சரியில்லை, டீசலாவது கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கணக்குக் கூட்டம். இன்னும் நாலு பேர் காசு தர வேண்டும், கொழும்பு மாமாவும் சேர்த்து. இன்றைக்கு இரவே எடுத்துக் கேட்கிறேன்.