வெட்டுவது யார், எப்போது: கேம் தயாரிப்பு நாட்குறிப்பு

ஜனவரி 6, செவ்வாய்

கையில் 1.2 கோடி ரூபாய், வேலைக்கு எட்டுப் பேர் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை மாதம் ஓடும்? சம்பளத்தால் வகுத்துப் பார்த்துவிட்டு "பதினாறு மாசம் தாராளமா ஓடும்" என்பார்கள். பல ஸ்டூடியோக்கள் கவிழ்வது இந்த ஒரு வகுத்தலில்தான்.

சராசரிச் சம்பளம் 90,000 என்றால் எட்டுப் பேருக்கு 7.2 லட்சம். வாடகை, கரண்ட், பி.எஃப்., மென்பொருள் சந்தா, ஆடிட்டர் என்று கால் பங்கு சேர்த்தால் மாதச் செலவு 9 லட்சம். மொத்தப் பணத்தில் 15 சதவீதம், அதாவது 18 லட்சம், தொடக் கூடாதது. இசை, குரல், மொழிபெயர்ப்பு, வெளி டெஸ்டிங், ட்ரெய்லர் எல்லாவற்றுக்கும் 12 லட்சம். மிச்சம் 90 லட்சம், பத்து மாதத்துக்கு வரும். அதிலும் வெளியீட்டுக்குப் பிறகு பிழை திருத்தும் பேட்ச் போட ஆள் வேண்டும். கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீம் ஒரு மாத விற்பனைப் பணத்தை அடுத்த மாதக் கடைசியில்தான் அனுப்புகிறது. இரண்டு மாதத்தை அதற்கு ஒதுக்கினால், கேமைச் செய்ய இருப்பது 8 மாதம். எட்டுப் பேர், 64 ஆள்-மாதம்.

இந்த 64 டிசைனருக்கும் ஆர்ட் டைரக்டருக்கும் முதல் வாரமே தெரிந்தாக வேண்டும். பணக் கவலை கலைஞர்களுக்கு எதற்கு என்று மறைப்பவர்கள் நல்ல எண்ணத்தில்தான் மறைக்கிறார்கள். ஆறாம் மாதம் உண்மை வெளிவரும்போது, அவர்கள் கற்பனை செய்து வைத்த உலகம் 120 ஆள்-மாதத்துக்கு வளர்ந்திருக்கும். பிறகு நடப்பதைப் பஞ்சாயத்து என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜனவரி 9, வெள்ளி

ஓர் எதிரிப் பாத்திரத்தின் விலை. 2டி பிளாட்ஃபார்மர், அதாவது தாவிக் குதித்து ஆடும் கேம், கையால் வரைந்த அனிமேஷன்.

ஸ்கெட்ச் 3 நாள். நிற்பது, நடப்பது, இரண்டு விதத் தாக்குதல், அடி வாங்குவது, சாவது என்று அனிமேஷன் 8 நாள். புரோகிராம் எழுதுவது 4 நாள். ஒலி ஒன்றரை. லெவலில் வைத்து வேகம், தூரம், உயிர் அளவு சரிபார்ப்பது 3. டெஸ்டிங்கும் திருத்தமும் 2. கூட்டினால் இருபத்தொன்றரை நாள். மாதத்துக்கு 20 வேலை நாள் என்றாலும் லீவு, காய்ச்சல், மீட்டிங் போகக் கையில் நிற்பது 16. ஆக ஓர் எதிரிக்கு 1.34 ஆள்-மாதம், ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ரூபாய். பன்னிரண்டு எதிரிகள் என்றால் 16 ஆள்-மாதம். மொத்த கேமில் கால் பங்கு அங்கேயே போய்விட்டது.

இந்தக் கணக்கைக் கையில் கொடுத்தால் நல்ல டிசைனர் தானே பன்னிரண்டை ஐந்தாக்குவார். ஐந்தில் ஒன்றுக்குக் கேடயம், ஒன்றுக்குக் கூரையில் தொங்கும் பழக்கம் என்று ஏறினால் ஒவ்வொரு மாற்றமும் நான்கைந்து நாள் வேலைதான். ஆடுபவருக்கு எதிரிகளின் எண்ணிக்கை நினைவில் நிற்பதில்லை. எந்த இரண்டு சேர்ந்து வந்தபோது திணறினோம் என்பது நிற்கும். அந்தச் சேர்க்கையை யோசிக்கத் திறமை வேண்டும், புது அனிமேஷன் வேண்டாம்.

ஜனவரி 20, செவ்வாய்

எல்லாச் சண்டையும் பணச் சண்டை இல்லை. சில சண்டைகள் கன்ட்ரோலரைக் கையில் எடுத்ததும் தீர்ந்துவிடும்.

குதிக்கும் அனிமேஷன். முழங்கால் மடங்கி, உடல் தாழ்ந்து, பிறகு எழும்புவது அனிமேட்டர் கண்ணுக்கு அழகு. அவர் படித்த பாடமும் அதுதான். நொடிக்கு 12 படம் என்ற கணக்கில் 4 படம் மடங்கினால் மூன்றில் ஒரு நொடி. பட்டனை அழுத்தியவர் அவ்வளவு நேரம் தரையிலேயே நிற்கிறார். டெஸ்டர் "லேக் அடிக்குது" என்று எழுதுவார், புரோகிராமர் தான் எழுதியதில் இல்லாத பக்கை, அதாவது பிழையை, இரண்டு நாள் தேடுவார்.

தீர்வு: அழுத்திய கணமே பாத்திரம் மேலே கிளம்ப வேண்டும். மடங்கும் அழகை இறங்கும் இடத்துக்கு மாற்றலாம். தரையைத் தொட்டதும் உடல் நசுங்கி நிமிரட்டும், அதன் நடுவிலும் அடுத்த குதிப்பை ஏற்கட்டும். விளிம்பைத் தாண்டிய பிறகும் 0.1 நொடி வரை, நொடிக்கு 60 பிரேம் ஓடும் கேமில் 6 பிரேம், குதிக்க அனுமதித்தால் புகாரில் பாதி போய்விடும். அனிமேட்டர் வரைந்ததில் எதுவும் குப்பைக்குப் போகவில்லை. "அனிமேஷனைக் குறை" என்று மேலிருந்து மெயில் போயிருந்தால் நான்கு படமும் போயிருக்கும், மனக்கசப்பும் மிஞ்சியிருக்கும்.

வியாபாரப் பக்கத்திலிருந்து வரும் கருத்து, பார்த்ததைச் சொன்னால் போதும். "ஆறு பேர் ஆடினார்கள், நான்கு பேருக்குக் கதவு கண்ணில் படவில்லை" என்பது உதவும். "கதவுக்கு மேலே அம்புக்குறி போடு" என்பது ஆர்ட் டைரக்டரின் வேலையைப் பிடுங்குவது. அவர் அங்கே விளக்கு வைப்பாரா, சுவரின் நிறத்தை மங்கவைப்பாரா என்பது அவர் பாடு.

ஜனவரி 28, புதன்

சான் பிரான்சிஸ்கோவின் டபுள் ஃபைன் ஸ்டூடியோ இந்த விஷயத்துக்கு முழுப் பாடப்புத்தகம். 2000-இல் டிம் ஷேஃபர் தொடங்கியது. பண நெருக்கடியும் கற்பனை வளமும் ஒரே கூரையின் கீழ் மோதியதை அவர்களே கேமரா முன் பதிவு செய்ய விட்டார்கள்.

2012 பிப்ரவரியில் பழைய பாணி அட்வெஞ்சர் கேம் ஒன்றுக்குக் பொதுமக்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 4 லட்சம் டாலர் கேட்டார்கள். மார்ச்சில் முடிந்தபோது வந்தது 33 லட்சத்துக்கு மேல். கொடுத்தவர்கள் 87,000 பேருக்கும் மேல். அதுதான் பின்னால் புரோக்கன் ஏஜ் ஆனது. எட்டு மடங்கு பணம் வந்ததும் டிசைன் அதைவிட வேகமாகப் பெருத்தது. 2013 ஜூலையில் ஷேஃபர் பணம் கொடுத்தவர்களுக்கு நிலவரத்தை எழுதினார்: முதல் பாதி மட்டுமே 2014 ஜூலை வரை இழுக்கும், முழு கேம் 2015-க்குப் போகும், இருக்கும் பணத்தில் முடிக்க வேண்டுமானால் முக்கால் பங்கை வெட்ட வேண்டும்.

முக்கால் பங்கை அவர் வெட்டவில்லை. முதல் பாதியைக் கொஞ்சம் சுருக்கி 2014 ஜனவரியில் விற்பனைக்கு விட்டு, அந்தப் பணத்தில் மீதியைச் செய்தார்கள். இரண்டாம் பாதி 2015 ஏப்ரலில் வந்தது. பணக் கணக்கில் நல்ல உபாயம். விலை வேறு இடத்தில் விழுந்தது: முதல் பாதி வெளியே போய்விட்டதால் அதிலுள்ள எதையும் மாற்ற முடியாது, முடிவு அதற்குள் பொருந்தியாக வேண்டும். இரண்டாம் பாதி பழைய இடங்களையே அதிகம் சுற்றுகிறது என்ற குறையும் வந்தது. நடுவில் பதினைந்து மாத இடைவெளி வேறு. கதை பாதி மறந்திருக்கும்.

பணம் கூடியதில் தவறில்லை. கூடிய பணத்தை ஆள்-மாதமாக மாற்றி டிசைனின் எல்லையைக் கோடு போட்டு நிறுத்தாமல் ஒன்றரை வருடம் போனதுதான் இடறிய இடம்.

பிப்ரவரி 3, செவ்வாய்

அதே ஸ்டூடியோவின் எதிர்ப் பக்கம். 2007-இல் புரூட்டல் லெஜண்ட் வேலை நடந்துகொண்டிருந்தபோதே அதை இரண்டு வாரம் நிறுத்தி, ஆட்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து குழுவுக்கொரு ப்ரோட்டோடைப், அதாவது மாதிரி கேம், செய்யச் சொன்னார்கள். அம்னீசியா ஃபோர்ட்நைட் என்று பெயர். பெரிய ப்ராஜெக்டை இரண்டு வாரம் மறந்துவிடு என்பதுதான் விதி. 2009-இல் புரூட்டல் லெஜண்ட் வெளியானது. அடுத்த பாகம் ரத்தானது. கையில் வேறு வரவு இல்லை. அப்போது அந்த ப்ரோட்டோடைப்களை எடுத்து, பணம் போட்டு கேமை வெளியிடும் பப்ளிஷர்களிடம் போனார்கள். 2010-இல் காஸ்ட்யூம் குவெஸ்ட், 2011-இல் ஸ்டாக்கிங், அயர்ன் பிரிகேட், ஒன்ஸ் அப்பான் எ மான்ஸ்டர். வழிநடத்தியவர்கள் ஷேஃபர் அல்ல. காஸ்ட்யூம் குவெஸ்டை டாஷா ஹாரிஸ், ஸ்டாக்கிங்கை லீ பெட்டி. ஒரே தலைவரின் கற்பனையை நம்பி நின்ற இடத்தில் நான்கு தலைவர்கள் கிடைத்தார்கள்.

எட்டுப் பேர் ஸ்டூடியோவுக்கு இரண்டு வாரம் என்றால் 4.5 லட்சம் ரூபாய். நான்கு பேர் கொண்ட இரண்டு குழு போதும். வெளிக் கலை வேண்டாம், கிடைக்கும் படங்களை வைத்துச் செய்யலாம். பத்தாம் நாள் மாலை மற்ற குழு ஆடிப் பார்க்க வேண்டும். செய்தவர் பக்கத்தில் நின்று விளக்கக் கூடாது. செலஸ்ட் கேமின் முதல் வடிவம் நான்கே நாளில் செய்தது என்பதை நினைத்தால் இரண்டு வாரம் குறைவில்லை.

பிப்ரவரி 11, புதன்

பப்ளிஷருடன் ஒப்பந்தம். சலிப்பான விஷயம்தான், ஆனால் படைப்புச் சுதந்திரம் உண்மையில் இருப்பது இங்கேதான்.

எந்தக் கட்டம் முடிந்தால் பணம் வரும் என்று சொல்லும் மைல்ஸ்டோன் வாசகத்தில் "முதல் லெவல் மெருகேறியிருக்க வேண்டும்" என்று இருந்தால் அது யார் கண்ணுக்கு மெருகு என்ற கேள்வி பணத்தை மூன்று வாரம் நிறுத்தும். "முதல் லெவலை வெளியாள் ஒருவர் உதவியின்றித் தொடக்கத்திலிருந்து இறுதிவரை ஆட முடிய வேண்டும், குறிப்பிட்ட மெஷினில் 60 பிரேம் குறையாமல்" என்று இருந்தால் சரிபார்க்கலாம். பில்டு, அதாவது ஆடிப் பார்க்கும் பதிப்பு, கொடுத்து 10 வேலை நாளில் பதில் வராவிட்டால் ஏற்றதாகவே கொள்ளப்படும் என்ற வரியைக் கேட்டு வாங்க வேண்டும். நிராகரித்தால் காரணம் எழுத்தில் வர வேண்டும்.

அடுத்து அட்வான்ஸ் கழிவு. பப்ளிஷர் தரும் அட்வான்ஸ் 60 லட்சம், அது கழிந்த பிறகு பாதிக்குப் பாதி என்று வைப்போம். மொத்த நிகர வரவிலிருந்து கழித்தால் 60 லட்சம் வந்ததும் ஸ்டூடியோவுக்குப் பங்கு தொடங்கும். ஸ்டூடியோவின் பாதியிலிருந்து மட்டும் கழித்தால் 1.2 கோடி வரும் வரை கையில் ஒரு பைசா வராது. ஸ்டீம் 30 சதவீதம் எடுப்பதைச் சேர்த்தால், வரியையும் ரீஃபண்டையும் விட்டுவிட்டே, முதலாவதற்கு 86 லட்சம் ரூபாய் விற்பனை வேண்டும், இரண்டாவதற்கு 1.71 கோடி. வித்தியாசம் ஒப்பந்தத்தில் ஒரு சொற்றொடர்.

பிப்ரவரி 13, வெள்ளி

"ஹாலோ நைட் செய்தவர்கள் ஏழு வருஷம் எடுத்துக்கொண்டார்களே" என்ற வாதம் எல்லா ஸ்டூடியோவிலும் வரும். அடிலெய்டின் டீம் செர்ரி விரல்விட்டு எண்ணும் ஆட்கள். முதல் பாகமான ஹாலோ நைட் 2017-இல் வந்து கோடிக்கு மேல் பிரதி விற்றது. அந்த ஏழு வருஷம் போனது அடுத்த கேமான சில்க்சாங்குக்கு, அது 2025 செப்டம்பர் வரை போனது. மாதச் செலவு சிறிது, வரவு ஓயவில்லை. அவர்கள் பொறுமையை அவர்களே விலை கொடுத்து வாங்கிவிட்டார்கள். 9 லட்சம் மாதச் செலவுள்ளவர் அந்த உதாரணத்தைச் சொல்லக் கூடாது.

பிப்ரவரி 24, செவ்வாய்

பெயர். அடாரி நிறுவனம் கேமைச் செய்தவர் பெயரைப் பெட்டியில் போடவில்லை, ராயல்டியும் தரவில்லை. அங்கே வேலை செய்த வாரன் ராபினெட் தன் "அட்வெஞ்சர்" என்ற கேமுக்குள் ரகசிய அறை ஒன்று கட்டித் தன் பெயரை ஒளித்துவைத்தார். டேவிட் கிரேன், லாரி கப்லன், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட் நால்வரும் அடாரியிலிருந்து வெளியேற, 1979-இல் ஆக்டிவிஷன் பிறந்தது. அவர்கள் கேம் கையேட்டில் டிசைனர் யார் என்று போட்டார்கள். செலவு கொஞ்சம் மை.

கிரெடிட் பட்டியலை முதல் மாதமே பில்டுக்குள் வைத்துவிடலாம். நடுவில் போனவர், வெளியிலிருந்து பின்னணி வரைந்தவர், டெஸ்டர் யாரும் விடுபடக் கூடாது. கடைசி வாரம் நினைவிலிருந்து எழுதினால் கட்டாயம் இரண்டு பெயர் விட்டுப்போகும். லாபப் பங்கும் அப்படித்தான். அட்வான்ஸ் கழிந்தபின் வருவதில் 10 சதவீதம் பொதுப் பங்கு, பிரிப்பது வேலை செய்த மாதக் கணக்கில், என்று எழுதிவிட்டால் போதும். அந்தப் பங்கு 10 லட்சமானால் நான்கு மாதம் வேலை செய்தவருக்கு 62,500. வெற்றிக்குப் பிறகு பேச உட்கார்ந்தால் எல்லாருக்கும் தன் பங்கு பெரிதாகத் தெரியும்.

மார்ச் 5, வியாழன்

நீளம். 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். உடனே வியாபாரப் பக்கம் சொல்வது: கேமை மூன்று மணி நேரமாக்கு.

2023 ஜூலையில் டொரொண்டோவின் விசாய் கேம்ஸ் வெளியிட்ட வெண்பா ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 1980-களில் கனடாவுக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பம், எழுத்து அழிந்துபோன அம்மாவின் சமையல் குறிப்பு, அதிலிருந்து இட்லியை மீட்டெடுப்பது. விலை 14.99 டாலர். அதில் இன்னும் பத்து சமையலைத் திணித்திருந்தால் பதினோராவது சமையலில் யாருக்கும் அந்த அம்மா நினைவிருக்காது. வெளியான நாளே கேம் பாஸிலும் இருந்தது. அத்தகைய சந்தா சேவைகள் பொதுவாக முன்பே பேசிய தொகை தருவதால் சிறு கேமுக்கு ரீஃபண்ட் பயம் குறையும். சுருக்கம் தேவைப்படும் கேமுக்கு அந்தச் சுருக்கத்தைத் தாங்கும் வருவாய் வழியைத் தேடுவதுதான் வியாபாரப் பக்கத்தின் திறமை.

மார்ச் 17, செவ்வாய்

ஆல்ஃபா: கேம் ஏறக்குறைய உருவாகி, முடிக்க வேண்டியது மிச்சமிருக்கும் கட்டம். முடியாத வேலைப் பட்டியல் 210 நாள், கையில் இருப்பது 140. எழுபது போக வேண்டும்.

தேதியும் 140-ம் ப்ரொட்யூசருடையது. அதில் டிசைனருக்குப் பேச்சில்லை. எந்த எழுபது என்பது டிசைனருடையது. அதில் ப்ரொட்யூசருக்குப் பேச்சில்லை. இரண்டையும் ஒரே ஆள் வைத்துக்கொண்டால் ஒன்று தேதி நழுவும், அல்லது கேமின் உயிரான பகுதி விலை கூடியது என்பதற்காகவே போய்விடும்.

எல்லாவற்றிலும் மூன்றில் ஒரு பங்கு குறைப்பது மிக மோசமான வெட்டு. எல்லாமே அரைவேக்காடாகும். ஒரு லெவலை அதன் எதிரி, இசை, வசனம் எல்லாவற்றோடும் முழுதாக எடுப்பது மேல். எடுத்த பிறகு அதன் வேர்களைத் தேட வேண்டும்: வேறு பாத்திரம் அந்த ஊரைப் பற்றிப் பேசும், இனி பெற முடியாத அச்சீவ்மெண்ட் ஒன்று பட்டியலில் நிற்கும், ட்ரெய்லரில் அந்த லெவல் மூன்று நொடி வரும். மொழிபெயர்ப்புக்கும் குரல் பதிவுக்கும் அனுப்புவதற்கு முன்பே இதை முடிக்க வேண்டும். அதன் பிறகு வெட்டுகிற ஒவ்வொரு வரிக்கும் ஏற்கனவே பணம் கொடுத்தாகிவிட்டது.

மார்ச் 26, வியாழன்

வெளியீட்டுத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுவது. ஸ்டீமில் 100 டாலர் கட்டியதிலிருந்து வெளியிட 30 நாள் ஆக வேண்டும். விரைவில் வருகிறது என்ற பக்கம் குறைந்தது 2 வாரம் நின்றிருக்க வேண்டும். வாங்க நினைப்பவர்கள் குறித்துவைக்கும் விஷ்லிஸ்ட் சேர அது போதாது, பல மாதம் முன்பே திறக்க வேண்டும். பக்கத்தையும் பில்டையும் அவர்கள் பார்க்க 3 முதல் 5 வேலை நாள், திருப்பி அனுப்பினால் மறுபடி அதே. கடைசி இரண்டு வாரத்தில் தேதியை நாமாக மாற்ற முடியாது, ஸ்டீமை நடத்தும் வால்வு நிறுவனத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். ஆகவே பரிசீலனைக்குப் போகும் பில்டு வெளியீட்டுக்கு மூன்று வாரம் முன்பே தயாராக இருக்க வேண்டும். அன்றிலிருந்து கேம் நின்றுபோகும் பக், சேவ் அழியும் பக் இரண்டை மட்டும் தொடலாம். ஆர்ட் டைரக்டர் மூன்றாம் லெவலின் வானத்தை மாற்ற ஒரு நாள் கேட்பார். அது முதல் பேட்ச் பட்டியலில், அவர் பெயருக்கு நேரே, தேதியோடு.