உச்சியில் பிசுபிசுப்பு, நுனியில் நார்

ஹெல்மெட்டைக் கழற்றினால் உச்சியெல்லாம் பிசுபிசுப்பு. இடுப்புவரை தொங்கும் நுனியோ தேங்காய் நாராய் நிற்கிறது. ஒரே தலைமுடிதான்!

லிஃப்டில் பார்த்த எதிர்வீட்டு அக்கா, "தினம் தலைக்குக் குளிம்மா, சரியாயிடும்" என்றார்.

எங்கே சரியாவது? எண்ணெய் சுரப்பது தலைத்தோலில். நெளிநெளியான நீள முடியில் அது நுனிவரை இறங்குவதே பெரும்பாடு. அதையும் தினமும் ஷாம்பூ போட்டு வழித்துவிட்டால்?

போதாக்குறைக்கு எங்கள் வேளச்சேரி போர் தண்ணீர். பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிற அதே உப்பு முடியிலும் படிகிறது.

என் கணக்கு இதுதான்: வாரம் இரண்டு முறை, வேருக்கு மட்டும் ஷாம்பூ, நுனிக்குக் கண்டிஷனர். நடுவில் வியர்த்தால் வெறும் தண்ணீர்.

மே மாதம் மட்டும் மூன்று முறை. கத்திரி வெயிலில் அந்தச் சலுகைகூட இல்லாவிட்டால் எப்படி?