படிவத்தில் ஒரு கட்டம்

ஹூஸ்டனில் ஒரு சமூக மருத்துவ மையத்தில் பதிவுப் படிவங்கள் என் பொறுப்பில் இருந்தன. 2021இல் மேலிடத்திலிருந்து ஒரு குறிப்பு வந்தது. ஸ்பானிஷ் பேசும் நாடுகளையும் லத்தீன் அமெரிக்காவையும் பூர்வீகமாகக் கொண்டவர்களுக்கான 'ஹிஸ்பானிக் / லத்தீனோ' என்ற கட்டத்தை 'லத்தீனெக்ஸ்' என்று மாற்ற வேண்டும். ஐந்து நிமிட வேலை. ஸ்பானிஷ் படிவத்திலும் அதையே போட்டேன். நல்ல காரியம் செய்கிறோம் என்ற நிறைவோடுதான் செய்தேன்.

ஸ்பானிஷில் ஆண் லத்தீனோ, பெண் லத்தீனா. நூறு பெண்களோடு ஓர் ஆண் நின்றாலும் கூட்டம் லத்தீனோஸ் ஆகிவிடும். மேடையில் 'தமிழன்' என்று முழங்கும்போதெல்லாம் நான் அதில் சேர்த்தியா என்று பள்ளி நாளிலிருந்தே எனக்கு ஒரு நெருடல் உண்டு. நமக்காவது 'தமிழர்' இருக்கிறது. சொன்னால் எல்லாரும் வந்துவிடுகிறோம். அவர்களுக்கு அப்படிக் கைக்கெட்டிய விகுதி இல்லை. அதனால்தான் ஆண், பெண் இரண்டிலும் அடங்காதவர்களுக்காக அந்தக் கடைசி எழுத்தை எடுத்துவிட்டு எக்ஸ் வைத்தார்கள். 2016இல் ஓர்லாண்டோவின் பல்ஸ் விடுதியில் 49 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பால்புதுமையர் கூடும் இடம் அது. அன்று அங்கே லத்தீன் அமெரிக்கர்களுக்கான 'லத்தீன் இரவு'. அதையடுத்துத்தான் இணையத்தில் இந்தச் சொல்லைத் தேடுவது சட்டென்று கூடியது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு யாரும் இந்தச் சொல்லை அலட்சியமாகப் பேச முடியாது.

படிவம் மாறிய சில நாளில் வரவேற்பு மேசைப் பக்கம் நின்றிருந்தேன். எழுபது வயது இருக்கும் ஒரு பெரியவர் அட்டையில் செருகிய தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். அந்தச் சொல்லுக்குக் கீழே விரலை வைத்து, உதட்டை அசைத்துப் பார்த்தார். 'எக்கிஸ்' என்று எக்ஸ் எழுத்தின் ஸ்பானிஷ் பெயரைச் சொன்னார். பிறகு கட்டத்தைத் தொடாமல், ஓரத்தில் பால்பாயிண்ட் பேனாவால் 'மெஹிக்கானோ', அதாவது மெக்சிகோக்காரர், என்று அழுத்தி எழுதிக் கொடுத்தார்.

மேசையில் இருந்த சக ஊழியர் மெக்சிகோவைப் பூர்வீகமாகக் கொண்டவர். தாளை வாங்கிக்கொண்டு என்னிடம் தணிந்த குரலில், "அவர் வாயில வராத பேரால அவரைக் கூப்பிடுறோம்" என்றார். "எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

கேட்டிருக்க வேண்டும். அந்தக் கட்டத்தை வைத்துத்தான் சர்க்கரை நோய்ப் பரிசோதனைக்கு யாரை ஸ்பானிஷில் அழைப்பது என்று பட்டியல் எடுப்போம். காலியாக வரும் தாள்கள் கூடிக்கொண்டே போயின. காலிக் கட்டம் என்றால் அந்த வீட்டுக்குத் தொலைபேசி போகாது.

ப்யூ ஆய்வு மையம் 2020இல் வெளியிட்ட கணக்கில், அமெரிக்காவின் ஹிஸ்பானிக் பெரியவர்களில் 3 சதவீதம் பேர்தான் இந்தச் சொல்லால் தங்களைக் குறிப்பிட்டார்கள். 2024இல் அது 4. டெக்சஸில் 1929இல் தொடங்கிய லூலாக் என்ற பழைய லத்தீனோ உரிமை அமைப்பே 2021 டிசம்பரில் இதைக் கைவிட்டது. 2023 ஜனவரியில் ஆர்கன்சா மாநில ஆளுநர் அரசு ஆவணங்களில் இதைத் தடைசெய்தார். அது எனக்குக் கசந்தது. மக்கள் ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளாமல் விடுவது வேறு, ஆணை போட்டு அழிப்பது வேறு.

ஏனென்றால் அந்த 3 சதவீதத்துக்கும் முகம் உண்டு. எங்களிடம் தன்னார்வலராக வந்த ஒரு மாணவர் தன்னை 'லத்தீனே' என்பார். ஸ்பானிஷ் பேசுகிறவர்களே உண்டாக்கிய வடிவம் அது. அர்ஜென்டினாவில் மாணவர்கள், 'எல்லாரும்' என்று பொருள்படும் 'தோதோஸ்' என்பதை 'தோதேஸ்' என்று சொல்கிற அதே வழி. நாக்கில் வழுக்கிக்கொண்டு வருகிறது. "எங்க பாட்டிக்கு இது பிடிக்காது. ஆனா சொல்ல வருது, என்னை அப்படித்தான் கூப்பிடுறாங்க" என்றார்.

மேசை ஊழியர்கள், அந்த மாணவர், நான் எல்லாரும் ஒரு மதியம் உட்கார்ந்து கட்டத்தைத் திருத்தினோம்: 'ஹிஸ்பானிக், லத்தீனோ, லத்தீனா, லத்தீனே'. பக்கத்தில் ஒரு வெற்றுக்கோடு, அவரவர் சொல்லுக்கு. மேலிடத்தில் ஒப்புதல் வாங்க இரண்டு மாதம் ஆனது.

திருத்திய படிவம் வந்த முதல் வாரம் தாள்களை நானே எடுத்துப் பார்த்தேன். கோட்டில் டெக்சஸ்காரர் ஒருவரின் 'தெஹானோ', எல் சால்வடோர் பெண் ஒருவரின் 'சால்வடோரேன்யா', இரண்டு இடத்தில் 'லத்தீனே', ஒரு தாளில் அழுத்தமாக 'மெஹிக்கானோ'.