லண்டன் சிட்டியின் சிறு தேவாலயங்கள்: எங்கே, எந்த நேரத்து வெளிச்சம்

லண்டனுக்குப் படம் எடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் செயின்ட் பால் பேராலயத்தையும் வெஸ்ட்மின்ஸ்டரையும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். செயின்ட் பாலைச் சுற்றி, 'சிட்டி' என்று தனிப்பெயரோடு இருக்கும் ஒரே ஒரு சதுர மைல் பரப்புக்குள், வங்கிகளுக்கும் அலுவலகக் கோபுரங்களுக்கும் நடுவில் நாற்பதுக்கும் மேற்பட்ட சிறு தேவாலயங்கள் ஒடுங்கி நிற்கின்றன. பலவற்றுக்கு வாசலே ஒரு சந்துக்குள் இருக்கும். சில காலமாக அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துப் படம் எடுத்து வருகிறேன். இதுவரை பார்த்ததையும் படத்தில் எது எப்படி வந்தது என்பதையும் எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு உதவும்.

இந்தத் தேவாலயங்களுக்குப் பின்னால் ஒரு பெரிய தீ இருக்கிறது. 1666 செப்டம்பர் 2ஆம் தேதி அதிகாலையில் பிடித்த தீ நான்கு நாள் எரிந்து 87 தேவாலயங்களை அழித்தது. அவற்றில் 51ஐ மறுபடி கட்டும் பொறுப்பு கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் வசம் வந்தது. செலவுக்காக லண்டனுக்கு வரும் நிலக்கரி மேல் வரி போட்டார்கள். பிறகு 19ஆம் நூற்றாண்டில் மக்கள் சிட்டியை விட்டு வெளியே குடிபோக, கும்பிட ஆள் இல்லாத தேவாலயங்களை இடிக்க 1860இல் சட்டமே வந்தது. மிச்சம் இருந்ததில் பலவற்றை இரண்டாம் உலகப் போரின் 1940, 41 குண்டுவீச்சு சிதைத்தது. ரென் கட்டியவற்றில் இன்று முழுதாக நிற்பவை இருபதுக்குச் சற்று மேல்தான். அதனால் உள்ளே போய் நிற்கும் ஒவ்வொரு தடவையும், இது தப்பிப் பிழைத்த கட்டடம் என்ற நினைப்பு தானாகவே வந்துவிடுகிறது.

ரென் கட்டியவை பிரசங்கத்தை எல்லோரும் கேட்கவும் பார்க்கவும் வேண்டும் என்று கட்டப்பட்டவை. அதனால் பெரிய ஜன்னல்கள், நிறமில்லாத கண்ணாடி, வெள்ளைச் சுவர். பகல் வெளிச்சத்தை நம்பி எழுந்த கட்டடங்கள் இவை. ஆனால் இன்று சுற்றிலும் இருபது, முப்பது மாடிக் கட்டடங்கள். ரென் நினைத்த வெளிச்சம் நாள் முழுக்கக் கிடைப்பதில்லை. ஏதோ ஒரு இடைவெளி வழியாகக் கொஞ்ச நேரம் வந்து போகிறது. அந்த நேரம் தேவாலயத்துக்குத் தேவாலயம் வேறு. அதைக் கண்டுபிடிப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் பாதி வேலை என்பது என் முடிவு. கேமரா, லென்ஸ் எல்லாம் அதற்கு அடுத்துதான்.

ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். தேவாலயத்தின் பெயர், மாதம், மணி, வெளிச்சம் எந்த ஜன்னல் வழியாக வந்தது, எதன் மேல் விழுந்தது என்று எழுதிக்கொள்வேன். லண்டனில் டிசம்பர் நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 15 டிகிரிதான் ஏறும். அவ்வளவு தாழ்வான வெயில் எதிர்க் கட்டடத்தைத் தாண்டி வராது. ஜூனில் 62 டிகிரி வரை ஏறும். அப்போது சந்துக்குள் இருக்கும் தேவாலயத்துக்கும் நேர் வெயில் உண்டு. ஆகவே உள்புறப் படங்களுக்கு ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை. குளிர்காலத்தை நினைவுக் கற்கள், மரச் செதுக்கல் போன்ற நெருக்கப் படங்களுக்கு ஒதுக்கிவிட்டேன்.

இன்னொரு முக்கியமான விஷயம், இவை பெரும்பாலும் வார நாட்களில்தான் திறந்திருக்கும். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிட்டியில் குடியிருந்தவர்கள் பத்தாயிரத்துக்கும் குறைவு. வருகிறவர்கள் எல்லோரும் வேலைக்கு வருகிறவர்கள். சனி, ஞாயிறு போனால் பல இடங்களில் பூட்டிய கதவுதான். 'நகரத் தேவாலயங்களின் நண்பர்கள்' என்ற அமைப்பின் தன்னார்வலர்கள் சில தேவாலயங்களில் முறை வைத்து உட்கார்ந்து திறந்து வைக்கிறார்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். இவர்கள் இல்லையென்றால் பாதிக் கதவுகள் மூடியே கிடக்கும். உள்ளே நுழைந்ததும் முதலில் அவர்களிடம் போய் வணக்கம் சொல்லி, படம் எடுக்கலாமா என்று கேட்பது என் வழக்கம். கேட்டால் அனுமதி மட்டும் கிடைப்பதில்லை, கதையும் கிடைக்கும்.

அப்படித்தான் செயின்ட் மேரி ஆப்சர்ச்சில் நடந்தது. கேனன் ஸ்ட்ரீட்டுக்குப் பக்கத்துச் சந்தில், சிவப்புச் செங்கல் தேவாலயம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு சாதாரணக் கட்டடம். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் முழுக் கூரையும் ஒரே குவிமாடம். அதன் உள்பக்கம் 1708இல் வில்லியம் ஸ்னோ என்பவர் ஓவியம் தீட்டியிருக்கிறார். நடுவில் ஒளிவட்டத்துக்குள் எபிரேய எழுத்தில் கடவுளின் பெயர். அன்று உள்ளே மின்விளக்கு எல்லாம் எரிந்துகொண்டிருந்தது. மஞ்சள் விளக்கும் நீலம் கலந்த பகல் வெளிச்சமும் ஒரே படத்தில் வந்தால் ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகவே வர நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) எப்படி வைத்தாலும் ஒரு பக்கம் கெடும். பணியில் இருந்த அம்மா நான் திரையைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதைக் கவனித்து, "விளக்கை அணைக்கட்டுமா? எனக்கும் அப்படிப் பார்க்கத்தான் பிடிக்கும்" என்றார். அணைத்ததும் குவிமாடத்தில் உள்ள நீள்வட்ட ஜன்னல்கள் வழியாக வந்த வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. ஓவியத்தில் அதுவரை ஒட்டிக் கிடந்த உருவங்கள் தனித்தனியாகத் தெரிந்தன.

அங்கே கேமராவைத் தரையில், குவிமாடத்தின் நேர் நடுவில் மல்லாக்க வைத்து, இரண்டு நொடி டைமர் போட்டு எடுத்தேன். ட்ரைபாட் தேவையே இல்லை. ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணரும் அளவு) 200க்கு இறக்கி, ஷட்டரை ஒரு நொடிக்கும் மேல் திறந்து வைக்க முடிந்தது. பிறகு பீடத்தின் பின்னால் நிற்கும் மரத் திரைக்கு வந்தேன். கிரின்லிங் கிப்பன்ஸ் செதுக்கியது. குண்டுவீச்சில் அது ஏறக்குறைய 2,000 துண்டுகளாகச் சிதறிப்போனது. பொறுக்கி எடுத்து, ஒட்டி, திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். எலுமிச்சை இன மரமல்ல, ஐரோப்பாவில் வளரும் லைம் என்ற மென்மையான மரம். பழமும் பூவும் இலையுமாகக் குடைந்திருக்கிறார். நேருக்கு நேர் வெளிச்சத்தில் இது தட்டையாகத்தான் வரும். பக்கவாட்டு வெளிச்சம் வரும்வரை காத்திருந்தால் ஒவ்வொரு இதழுக்கும் ஒரு நிழல் கிடைக்கும்.

செயின்ட் ஸ்டீபன் வால்புரூக்கைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குப் போதாது. 1672இல் தொடங்கிய வேலை. செயின்ட் பாலின் குவிமாடத்துக்கு முன்னோட்டம் என்று இதைச் சொல்வார்கள். எட்டு வளைவுகள் மேல் குவிமாடம் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் ஹென்றி மூர் செதுக்கிய டிராவர்டைன் கல் பீடம், உருண்டையாக, ஒரு பெரிய பாறை மாதிரி. இதைப் பீடமாக ஏற்கலாமா என்று திருச்சபை நீதிமன்றம் வரை வழக்கு போய், 1987இல் ஏற்கலாம் என்று தீர்ப்பானது. எனக்கு அந்தத் தீர்ப்பில் முழுச் சம்மதம். ரென்னின் வடிவமைப்பு கண்ணை நடுவுக்குத்தான் இழுக்கிறது. அங்கே ஒன்றும் இல்லாமல் இருந்தால்தான் குறை.

படம் எடுக்க இங்கே கோடை நண்பகல் சரியான நேரம். மேல் ஜன்னல்களிலிருந்து இறங்கும் வெளிச்சம் பீடத்தின் கல்லைத் தொட, சுற்றிலும் இருக்கும் தூண்கள் ஒரு பக்கம் மட்டும் வெளுக்கும். வைட் ஆங்கிளோடு கேமராவைக் கொஞ்சம் தூக்கினாலும் தூண்கள் உள்பக்கமாகச் சாய்ந்துவிடும். நான் கேமராவை மட்டமாகவே பிடித்து, தேவைக்கு மேல் அகலமாக எடுத்து, கீழ்ப்பகுதியை வெட்டிவிடுகிறேன். வெளிச்ச அளவை ஜன்னலுக்கு வைத்து, ரா கோப்பில் (கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) நிழலை மேலே ஏற்றுவது எனக்குச் சரியாக வருகிறது. வெவ்வேறு அளவில் மூன்று படம் எடுத்துச் சேர்ப்பதையும் செய்து பார்த்தேன். எல்லாம் தெரிகிறது, ஆனால் இடத்தின் ஆழம் போய்விடுகிறது. நிழல் இருக்க வேண்டிய இடத்தில் நிழல் இருக்கட்டும்.

இதே தேவாலயத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழைய கறுப்புத் தொலைபேசி இருக்கிறது. 1953இல் இங்கே பாதிரியாராக இருந்த சாட் வாரா, தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்கள் பேசுவதற்காகத் தொடங்கியதுதான் சமாரிட்டன்ஸ் அமைப்பு. அந்தத் தொலைபேசியை எப்படி எடுத்தாலும் கண்ணாடியில் பிரதிபலிப்பு விழும். லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்ட வைத்து, மேல்சட்டையால் சுற்றி மறைத்து எடுத்தேன். இவ்வளவு சின்னப் பொருளுக்கு இவ்வளவு மெனக்கெடல் தகும்.

அங்கிருந்து மூன்று நிமிடம் நடந்தால் செயின்ட் மேரி வுல்நாத். ரென்னின் சீடர் நிக்கோலஸ் ஹாக்ஸ்மூர் 1716க்கும் 1727க்கும் இடையில் கட்டியது. நெரிசலான தெருமுனை என்பதால் வெளிச்சத்தை மேலேயிருந்து எடுக்கிறார். நான்கு பக்கமும் உச்சியில் அரைவட்ட ஜன்னல்கள். இதனால் சிட்டியில் மற்ற இடங்கள் இருண்டு கிடக்கும் நேரத்திலும் இங்கே ஓரளவு வெளிச்சம் இருக்கும். நவம்பரில்கூட வேலைக்கு ஆகும். 1900இல் கீழே பாதாள ரயில் நிலையம் வந்தபோது தேவாலயத்தையே இடிக்கப் பார்த்தார்கள். மக்கள் எதிர்ப்பால் கட்டடம் தப்பியது, அடியில் இருந்த கல்லறைகள் காலியாகின. சுவரில் ஜான் நியூட்டனின் கல்வெட்டு இருக்கிறது. அடிமைக் கப்பலின் தலைவனாக இருந்து, மனம் மாறி, 1780 முதல் 1807இல் இறக்கும்வரை இங்கே பாதிரியாராக இருந்தவர். தன் பழைய வாழ்க்கையை மறைக்காமல் அந்த வாசகத்தைத் தானே எழுதி வைத்திருக்கிறார்.

செயின்ட் ஜேம்ஸ் கார்லிக்ஹைத்துக்கு மேகமூட்டமான நாளில் போக வேண்டும். அங்கே ஜன்னல்கள் அவ்வளவு அதிகம், 'ரென்னின் விளக்கு' என்றே செல்லப்பெயர். வெயில் அடித்தால் ஜன்னல்கள் எல்லாம் வெறும் வெள்ளையாகிவிடும். மேகம் இருந்தால் உள்ளே எங்கும் ஒரே சீரான வெளிச்சம். 1991இல் எதிரில் நடந்த கட்டுமான வேலையின் கிரேன் சரிந்து இதன் தெற்குச் சுவரை உடைத்திருக்கிறது. இப்போது பார்த்தால் சுவடு தெரியாது.

தீ எட்டாத பழைய தேவாலயங்களில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. ஸ்மித்ஃபீல்டில் உள்ள செயின்ட் பார்த்தலோமியு த கிரேட் 1123இல் ராஹியர் என்பவர் நிறுவிய மடத்தின் எச்சம். பருத்த தூண்கள், அரைவட்ட வளைவுகள், இருட்டு. 16ஆம் நூற்றாண்டில் அரசர் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்த பிறகு இதன் ஒரு பகுதி கொல்லன் பட்டறையாக இருந்தது. மாதா சிற்றாலயத்தில் அச்சகம் நடந்தது, இளைஞர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அங்கே வேலை பார்த்தார். இங்கே ஐஎஸ்ஓ 6400 வைத்து, தூணில் சாய்ந்து, மூச்சை அடக்கி எடுக்கிறேன். புள்ளி புள்ளியாக வருவதைப் பற்றிக் கவலையில்லை. கறுப்பு வெள்ளையில் அந்தக் கல்லுக்கு அது பொருந்துகிறது.

செயின்ட் ஒலாவ் ஹார்ட் ஸ்ட்ரீட் இன்னும் சிறியது. தீயைப் பற்றி நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பீப்ஸ் கும்பிட்ட இடம், 1703இல் அடக்கமானதும் இங்கேதான். அவர் மனைவி எலிசபெத் 1669இல் 29 வயதில் இறந்தார். சுவரின் உயரத்தில் அவருடைய மார்பளவுச் சிலையை வைத்திருக்கிறார் பீப்ஸ். தான் உட்காரும் கடற்படை அலுவலக மாடத்தை நோக்கி அவர் முகம் திரும்பியிருக்கும்படி வைத்தார். மாடம் இப்போது இல்லை. சிலை மட்டும், ஏதோ சொல்ல வாயெடுத்தது போல, இன்னும் அந்தப் பக்கமே பார்க்கிறது. 135 மிமீ லென்ஸோடு அந்தப் பார்வை விழும் இடத்தில் போய் நின்று எடுத்த படம், இதுவரை எடுத்தவற்றில் எனக்கு மிகப் பிடித்தது.

இல்லாமல் போன தேவாலயங்களின் இடங்களையும் எடுக்கத் தொடங்கியிருக்கிறேன். ஃபென்சர்ச் ஸ்ட்ரீட் ஓரத்தில் செயின்ட் டியோனிஸ் பேக்சர்ச் என்று ஒன்று இருந்தது. 1878இல் இடித்துவிட்டார்கள். 1616 டிசம்பர் 22 அன்று, வங்காள விரிகுடாக் கரையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிப் பாதிரியார் ஒருவர் அழைத்து வந்த இந்தியச் சிறுவனுக்கு அங்கேதான் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பீட்டர் என்ற பெயரை அரசர் முதலாம் ஜேம்ஸே தேர்ந்தெடுத்தாராம். அந்தப் பையனின் சொந்தப் பெயர் என்ன என்று நினைத்துக்கொண்டே அந்தத் தெருவைப் பல கோணங்களில் எடுத்தேன். இப்போது அலுவலகங்களும் நடைபாதையும்தான் அங்கே. ஆனாலும் தொகுப்பில் அந்தப் படத்துக்கு இடம் உண்டு.

அடுத்து பிஷப்ஸ்கேட் பக்கம். 1993 குண்டுவெடிப்பில் நொறுங்கி, 2002இல் சமாதான மையமாக மீண்டும் திறந்த செயின்ட் எதல்பர்காவை வெளியிலிருந்து மட்டுமே எடுத்திருக்கிறேன். அந்தப் பகுதியில் கண்ணாடிக் கோபுரங்கள் வெயிலைத் திருப்பி அடிப்பதால், எதிர்பாராத பக்கத்திலிருந்து, வடக்கிலிருந்துகூட, வெளிச்சம் விழுகிறது. அதன் நேரங்களை இனிமேல்தான் குறிக்க வேண்டும். பக்கத்திலேயே, வடிவத்தால் 'கெர்கின்' (வெள்ளரிக்காய்) என்று பெயர் பெற்ற கண்ணாடிக் கோபுரத்தின் அடியில் செயின்ட் ஆண்ட்ரூ அண்டர்ஷாஃப்ட். லண்டனின் வரலாற்றை எழுதிய ஜான் ஸ்டோவின் சிலை அங்கே கையில் இறகுப் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறது, அந்த இறகை அவ்வப்போது சடங்காக மாற்றுவார்கள். முன்கூட்டிக் கேட்டால்தான் உள்ளே விடுவார்கள் என்பதால் அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வந்தால் ஜூனில், காலை பத்து மணிக்கும் மதியம் இரண்டு மணிக்குமாக ஒரே நாளில் இரண்டு தடவை போய்ப் பார்ப்பதாக உத்தேசம்.