டெபியன் 12-க்கு எஸ்கியூஎல்ஆல்கெமி 2.0: பேக்போர்ட் குறிப்புகள்

டெபியன் 12 என்ற லினக்ஸ் வெளியீட்டில் இருப்பது, பைத்தான் நிரல்களை டேட்டாபேஸோடு இணைக்கும் நூலகமான எஸ்கியூஎல்ஆல்கெமியின் 1.4 பதிப்பு. 2.0 வெளிவந்த 2023 ஜனவரியிலேயே டெபியன் 12-க்கான உறைநிலை (பெரிய மாற்றங்களை ஏற்காத கட்டம்) தொடங்கிவிட்டதால் அது உள்ளே வர வழியில்லை. இப்போது 2.0.36-ஐ டெப் பேக்கேஜாகக் கட்டியாயிற்று (புதிய பதிப்பை இப்படிப் பழைய வெளியீட்டுக்குக் கட்டுவதுதான் பேக்போர்ட்). உள்ளூர் களஞ்சியத்துக்கு மட்டும்.

முதலில் பதிப்பு எண். மூலநிரல் இருக்கும் கிட்ஹப்பில் வெளியீட்டுக் குறியான டேக் 'ரெல்_2_0_36' என்று இருக்கும். புதிய வெளியீடுகளைத் தேடும் வாட்ச் கோப்பில் அடிக்கோட்டைப் புள்ளியாக்கும் விதி வேண்டும். பீட்டா வெளியீடுகளுக்கு எண்ணுக்கும் 'பி'க்கும் நடுவே அலைக்குறி (~) போடாவிட்டால், டெபியனின் பேக்கேஜ் கருவியான டிபிகேஜி பீட்டாவை இறுதி வெளியீட்டைவிடப் புதியது என்று எடுத்துக்கொள்ளும். நம் பேக்கேஜின் பின்னொட்டும் அலைக்குறியோடுதான் தொடங்க வேண்டும். அப்போதுதான் நாளை டெபியன் 13-க்குப் போகும்போது அதிகாரபூர்வ பேக்கேஜ் இதை ஓரங்கட்டும்.

அதிகம் ஏமாற்றுவது சைத்தான் நீட்சிகள் (பைத்தானைப் போன்ற நிரலை வேகத்துக்காக சி வழியே கம்பைல் செய்பவை). 2.0-இல் ஐந்து சைத்தான் மாட்யூல்கள் உண்டு. சைத்தான் இல்லாவிட்டாலோ கம்பைல் தோற்றாலோ பில்டு நிற்காது. லாகில் ஒரு எச்சரிக்கையோடு வெறும் பைத்தானாகவே பேக்கேஜ் பிறந்துவிடும். டெபியனின் பைத்தான் பில்டு கருவியான பைபில்டு தனிச்சூழல் இல்லாமல் ஓடுவதால், பில்டுக்குத் தேவையானவற்றைச் சொல்லும் பைபிராஜெக்ட் கோப்பில் சைத்தான் கேட்கப்பட்டிருப்பதை யாரும் சரிபார்ப்பதில்லை. ஆகவே பில்டு சார்புகளில் (கட்டத் தேவையான பேக்கேஜ்களில்) சைத்தான்3-ஐயும் பைத்தான்3-ஆல்-டெவ்-ஐயும் கையால் சேர்த்து, பில்டு கட்டளைகள் உள்ள ரூல்ஸ் கோப்பில் 'ரிக்வயர்_எஸ்கியூஎல்ஆல்கெமி_சிஎக்ஸ்ட்' என்ற சூழல் மாறிக்கு 1 கொடுத்தாயிற்று. இனிமேல் கம்பைல் தோற்றால் பில்டும் தோற்கும். அதன் பிறகும் பேக்கேஜைப் பிரித்து, கம்பைலான ஐந்து எஸ்ஓ கோப்புகளும் உள்ளே இருக்கின்றனவா என்று எண்ணிவிடுவது நல்லது.

அடுத்த முட்டுக்கட்டை டைப்பிங்-எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற பைத்தான் நூலகம். 2.0.36 கேட்பது குறைந்தது 4.6.0, டெபியன் 12-இல் இருப்பது 4.4.0. சார்புகளைத் தானாகக் கண்டுபிடிக்கும் டிஎச்_பைத்தான்3 கருவி சார்பின் பெயரை எழுதும், பதிப்பு வரம்பை வழக்கமாக எழுதாது. அதனால் நிறுவும்போது நிறுவல் கருவியான ஏபிடி வாயே திறக்காது. இம்போர்ட் செய்யும்போதுதான் 'டைப்அலையஸ்டைப்' கிடைக்கவில்லை என்று விழும், ஏனென்றால் அது 4.6.0-இல்தான் சேர்ந்தது. சோதனைகளை ஓடவிட்டால் பில்டிலேயே இது தெரியும். அவசரத்தில் சோதனைகளைத் தவிர்க்கும் 'நோசெக்' போட்டவர்களுக்குப் பயனர் மெஷினில் தெரியும். தீர்வு: டைப்பிங்-எக்ஸ்டென்ஷன்ஸை முதலில் பேக்போர்ட் செய்து, சுத்தமான சூழலில் பேக்கேஜ் கட்டும் எஸ்பில்டுக்குக் கூடுதல் பேக்கேஜாகக் கொடுப்பது. சார்புகளைப் பட்டியலிடும் கன்ட்ரோல் கோப்பில் பில்டு சார்பு, நிறுவல் சார்பு இரண்டிலும் 4.6.0 வரம்பைக் கையால் எழுத வேண்டும்.

சோதனைகளுக்குத் தனி டேட்டாபேஸ் சர்வர் தேவையில்லை. இயல்பாகவே நினைவகத்தில் ஓடும் எஸ்கியூலைட் போதும். நினைவகம், நேரம் ஆகியவற்றை அளக்கும் சோதனைகளையும் வகைகளைச் சரிபார்க்கும் மைபை சோதனைகளையும் பைடெஸ்ட் மார்க்கர் (சோதனைக் குறிச்சொல்) மூலம் விலக்கியாயிற்று. பில்டு மெஷினின் சுமையைப் பொறுத்து மாறும் முடிவுகளால் பேக்கேஜுக்குப் பயனில்லை.

இனி இருப்பது, இதைச் சார்ந்த பேக்கேஜ்கள். 1.4-உம் 2.0-உம் ஒரே டிஸ்ட்-பேக்கேஜஸ் பாதையில் உட்காருவதால் இரண்டையும் சேர்த்து வைக்க முடியாது. டேட்டாபேஸ் இணைப்புகளைத் தரும் இன்ஜின் மேல் நேரடியாக எக்ஸிக்யூட் அழைப்பது, செலக்டுக்குள் பட்டியல் கொடுப்பது, டெக்ஸ்ட்() இல்லாமல் வெறும் சரத்தை வினவலாக அனுப்புவது எல்லாம் 2.0-இல் போய்விட்டன. சார்ந்த ஒவ்வொரு பேக்கேஜின் சோதனைகளையும் முதலில் 1.4-இலேயே 'எஸ்கியூஎல்ஆல்கெமி_வார்ன்_20' மாறிக்கு 1 கொடுத்து ஓட்டினால், உடையப்போகும் வரிகள் எச்சரிக்கையாக வந்துவிடும். அலெம்பிக்கும் பிளாஸ்க்-எஸ்கியூஎல்ஆல்கெமியும் வரிசையில் முதலில்.