தண்ணியில்லா ஊரிலிருந்து டப்ளினுக்கு

"இன்னாடா, தண்ணி அடிக்கவா அவ்ளோ தூரம் போற?"

அம்மா கேட்டதுல தப்பில்ல. பாலாறு காய்ஞ்சு கிடக்குற வேலூர்க்காரன், பப்புக்குப் பேர்போன அயர்லாந்துத் தலைநகர் டப்ளினுக்குப் போறேன்னா வேற என்ன தோணும்? ஆனா எனக்கு பீர் வாடையே ஆகாது. கின்னஸ்ங்கிற அந்த ஊரு பீர்ல ஆல்கஹால் இல்லாததும் இருக்குன்னு படிச்ச பிறகுதான் தைரியமே வந்துச்சு.

காட்பாடி மச்சானும் நானும் ஜூன்ல கிளம்புறோம். அங்கே செலவு யூரோவுலதான், ஆனா ஐரோப்பாவுல பல நாட்டுக்குப் பொதுவான ஷெங்கன் விசா செல்லாது. அயர்லாந்துக்குத் தனி விசா. மச்சான் அவசரக்குடுக்கை, ஷெங்கன் ஃபாரத்தைப் பாதி நிரப்பிட்டான்!

பகல்ல டிரினிட்டி கல்லூரியில கெல்ஸ் ஏடுங்கிற பழைய பைபிள் கையெழுத்துப் புத்தகம் பாக்கணும். சுமார் 1,200 வருஷத்துக்கு முன்னாடி கன்னுக்குட்டித் தோல்ல எழுதினது. ராணிப்பேட்டை தோல் கம்பெனியில கணக்கு எழுதுற எனக்கு, எழுத்தைவிட அந்தத் தோல் மேலதான் கண்ணு. ஒரு நாள் மேற்குக் கடலோரத்துல செங்குத்தா நிக்குற மோஹர் பாறைகள். கடலுக்கு மேல 214 மீட்டர்.

ராத்திரிக்குத்தான் தகராறு. மச்சானுக்கு டெம்பிள் பார்ங்கிற பப்பு நிறைஞ்ச ஏரியா. கூட்டமும் விலையும் அங்கே அதிகம். எனக்கு ஸ்மித்ஃபீல்டுல இருக்குற காபிள்ஸ்டோன் பப்: மேடை எல்லாம் கிடையாது, ஒரு மூலையில பிடிலும் புல்லாங்குழலும் வெச்சுக்கிட்டு உக்காந்து வாசிப்பாங்களாம். நம்ம ஊர் பஜனை மடம் மாதிரின்னு வீட்டுல சொல்லி வெச்சிருக்கேன்.

ஜூன்ல அங்கே பொழுது சாயவே ராத்திரி பத்து மணி ஆகும். அதை மட்டும் அம்மாகிட்ட இன்னும் சொல்லல. "பொழுது சாயறதுக்குள்ள ரூமுக்கு வந்துடணும்"னு சத்தியம் வாங்கியிருக்காங்க.